கிளியோபாட்ராவின் பக்கத்து வீட்டில் ஜப்பான்: நாகரிகம் கட்டும் கேம்களில் வரலாற்றையும் விளையாட்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது எப்படி

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு. என் லேப்டாப்பில் சிவிலைசேஷன் 6 இருப்பதைப் பார்த்ததும் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிட்டான். எகிப்தைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தைத் தொடங்கினான். அரை மணி நேரம் கழித்து சமையலறை வாசலுக்கு வந்து, "மாமா, கிளியோபாட்ராவுக்குப் பக்கத்துல ஜப்பான் இருக்கு. நடுவுல ஒரு மலை மட்டும்தான். இது தப்பில்லையா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி: "கி.மு. 4000-லயே கிளியோபாட்ரா எப்படி வந்தா?"

இரண்டுமே சரியான கேள்விகள். ஏழாம் கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30-இல். கீசாவின் பெரிய பிரமிடு எழுந்தது ஏறத்தாழ கி.மு. 2560 வாக்கில். பிரமிடுக்கும் அவளுக்கும் உள்ள தூரம், அவளுக்கும் நமக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். கேமிலோ முதல் ஊரை அமைப்பதும் அவள்தான், பிரமிடு கட்டுவதும் அவள்தான், விட்டால் ராக்கெட் விடுவதும் அவள்தான்.

இந்த வகை கேமுக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். சிலர் எல்லாம் நடந்தது நடந்தபடியே நடக்க வேண்டும் என்று நினைப்பார்கள். பத்து மணி நேரம் விளையாடியதும் அலுத்துவிடும். முடிவு முன்பே எழுதப்பட்ட கதையில் விளையாடுகிறவருக்கு என்ன வேலை? மற்றவர்கள், கேம்தானே என்று வரலாற்றை மொத்தமாக விட்டுவிடுவார்கள். நூறு டர்ன் (எல்லோரும் ஒரு தடவை காய் நகர்த்தி முடிக்கும் சுற்று) தாண்டியதும் எகிப்து, ஜப்பான், ரோம் எல்லாமே நிறம் மட்டும் மாறிய ஒரே பொம்மையாகத் தெரியும். நான் இரண்டு பக்கமும் பல வருடம் இருந்திருக்கிறேன். எனக்குப் பிடிபட்டது இதுதான்: கேமில் வரும் விளைவு வரலாற்றோடு ஒத்துப்போக வேண்டாம், அதன் காரணம் ஒத்துப்போனால் போதும். வெள்ளம் வந்தால் வண்டல் சேரும். இரும்பு இல்லாதவன் வாங்க வேண்டும், இல்லை பறிக்க வேண்டும். தலைநகருக்குத் தூரத்தில் உள்ள ஊர் கையை விட்டுப் போகும். இப்படிப்பட்ட காரணங்கள் உயிரோடு இருந்தால், பக்கத்தில் ஜப்பான் இருந்தாலும் அந்த ஆட்டத்தில் வரலாற்றின் ருசி இருக்கும்.

அக்கா மகனுக்கு நான் காட்டிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் சிவிலைசேஷன் 6-இலிருந்து, அதுவும் ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம் என்ற இரண்டு விரிவாக்கங்களும் சேர்த்து. வேறு கேம் வைத்திருந்தாலும் படிகள் பொருந்தும். காசு செலவில்லாமல் விளையாடும் வழியும் பின்னால் வருகிறது.

முதல் படி: ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்

கேமைத் திறக்கும் முன் ஒரு நோட்டை எடுங்கள். "இந்த ஆட்டத்தில் நான் எதைப் பார்க்கப் போகிறேன்?" என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "ஜெயிக்க வேண்டும்" என்று எழுதக் கூடாது. "ஆற்றை மட்டும் நம்பி ஒரு நாடு எவ்வளவு தூரம் போகும்?", "கடலைத் தாண்டவே தாண்டாத ஒரு அரசு என்ன ஆகும்?" என்பது போல இருக்கட்டும்.

இந்த ஒரு வரி பின்னால் வரும் எல்லா முடிவையும் எளிதாக்கும். கேமில் அத்தனை செட்டிங்ஸ் இருக்கின்றன. எதை இறுக்குவது, எதைத் தளர்த்துவது என்று கேள்வி இல்லாமல் முடிவு செய்ய முடியாது. பையன் எழுதியது: "நைல் மாதிரி ஒரு ஆறு இருந்தா எகிப்து எங்க இருந்தாலும் எகிப்தாகுமா?" அதைப் படித்தபோது எனக்கே அந்த ஆட்டத்தைப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

இரண்டாம் படி: உலக மேப்பா, புது மேப்பா

வரலாறு வேண்டும் என்று நினைக்கிற எல்லோரும் முதலில் தொடுவது உலக வரைபடத்தைத்தான். சிவிலைசேஷன் 6-இல் ட்ரூ ஸ்டார்ட் லொகேஷன் என்ற வகை மேப் உண்டு. அதில் எகிப்து நைல் கரையில் தொடங்கும், ஜப்பான் தன் தீவில் தொடங்கும். பார்க்க அழகாக இருக்கும். ஐரோப்பாவில் மட்டும் மூச்சு முட்டும். ரோம், கிரீஸ், ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் சேர்ந்தால் இரண்டாவது ஊருக்கே இடம் இருக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்த மேப் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கண்டம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், கொலம்பஸுக்குத் தெரியாது. 1492-இல் அவர் கிளம்பியது ஆசியாவுக்கு; வழியில் வேறு நிலம் குறுக்கே வந்தது. நீங்களோ முதல் டர்னிலேயே பிரேசில் கரையைக் குறிவைத்துக் காய் நகர்த்துகிறீர்கள். நிலம் நிஜம்தான், ஆனால் அங்கே வாழ்ந்தவர்களுக்கு இருந்த அறியாமை உங்களுக்கு இல்லை. பழங்கால மனிதரின் முடிவுகளில் பாதி அந்த அறியாமையிலிருந்து வந்தவை.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு என் சிபாரிசு, கேமே உருவாக்கித் தரும் கண்டங்கள் மேப். அடுத்த மலைக்குப் பின்னால் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் வீரனுக்கும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் கற்பனை மேப்தான் நிஜத்துக்கு நெருக்கம். ஆட்டத்தை உருவாக்கும்போது மழையளவு, வெப்பநிலை, உலகின் வயது, கடல்மட்டம் எல்லாவற்றையும் மாற்றலாம். எகிப்து பற்றிய கேள்விக்கு மழையைக் குறைத்து வைத்தோம். பாலைவனமும் அதற்கு நடுவே ஆறும் கிடைக்க வாய்ப்பு கூடும்.

உலக மேப்பில்தான் விளையாடுவேன் என்றால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கப்பலோ ஆளோ போய்ப் பார்க்காத இடத்தை மனதில் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. சொல்வது சுலபம், கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்.

மூன்றாம் படி: வளங்களைக் குறையுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த செட்டிங்ஸிலும் முக்கியமானது இதுதான். வளங்கள் என்ற இடத்தில் தாராளம், வழக்கம், குறைவு என்று தேர்வுகள் இருக்கும். குறைவு என்று வையுங்கள். தொடக்க இடத்துக்கான தேர்வில், வளம் கொட்டிக் கிடக்கும் 'லெஜண்டரி'யைத் தொட வேண்டாம்.

எல்லோரிடமும் எல்லாம் இருந்தால் யாரும் யாரிடமும் போக வேண்டியதில்லை. வாணிபமும் வராது, தூதும் வராது, காரணத்தோடு ஒரு போரும் வராது. நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. தென்னிந்தியாவின் தட்பவெப்பத்தில் நல்ல போர்க்குதிரை வளர்ப்பது கடினம். அதனால் அரபு நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை இறங்கியது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கப்படுவதையும் அதில் எவ்வளவு செல்வம் கரைகிறது என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். ஒரு விலங்கு இல்லாமல் போனதால் துறைமுகங்களும் வணிகர்களும் கடல்வழி உறவுகளும் வளர்ந்தன. கேமில் உங்கள் எல்லைக்குள் குதிரை வராமல் போனால் சலித்துக்கொண்டு புது ஆட்டம் தொடங்காதீர்கள். அதுதான் உங்கள் நாட்டின் கதை தொடங்கும் இடம்.

இயற்கைச் சீற்றத்தின் அளவை 0 முதல் 4 வரை வைக்கலாம். 2 போதும். ஆறு பெருகும்போது வயல் சேதமாகும், அதே வெள்ளம் மேப்பின் சில கட்டங்களில் விளைச்சலைக் கூட்டியும் விடும். எகிப்துக்கு அந்தச் சேதம் வராது என்பது கேம் அந்த நாட்டுக்குக் கொடுத்த சிறப்பு. நைல் பெருக்கை நம்பியே வாழ்ந்த மக்களுக்கு இது பொருத்தமான விதி என்று நினைக்கிறேன்.

நான்காம் படி: வேகமும் நாட்காட்டியும்

வழக்கமான வேகத்தில் தொடக்கத்தில் ஒரு டர்ன் என்பது 40 வருடம். அந்தக் காலத்தில் தலைநகரில் பிரமிடு கட்ட 20 டர்ன் பிடித்தால், கணக்குப்படி 800 வருடம். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பிரமிடுக்குச் சொன்ன காலம் 20 வருடம். ஒரு வீரன் ஒரு டர்னில் இரண்டு கட்டம் நடக்கிறான். 40 வருடத்தில் பக்கத்து ஆற்றங்கரை வரைதான் போகிறான். பையன் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு கேம் பொய் சொல்கிறது என்றான்.

நாட்காட்டியை மறந்துவிடு என்றேன். 1991-இல் சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் முதல் சிவிலைசேஷனைக் கொண்டுவந்தபோதே 6,000 வருடத்தை சில நூறு டர்னுக்குள் அடக்க வேண்டியிருந்தது. வருடத்தை அப்படியே வைத்திருந்தால் விளையாட ஒரு ஆயுள் போதாது. அதனால் திரையின் மூலையில் இருக்கும் வருடத்தைப் பார்க்காதீர்கள். எந்தக் காலகட்டத்தில் இருக்கிறோம், அந்தக் காலகட்டத்துக்குள் ஒரு போரைத் தொடங்கி முடிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இங்கே வேகம் பெரிய வித்தியாசம் செய்யும். வேகத்தைக் குறைத்தால் ஆராய்ச்சிக்கும் கட்டுமானத்துக்கும் அதிக டர்ன் பிடிக்கும். படை நடக்கும் வேகம் மட்டும் மாறாது. 'குவிக்' வேகத்தில் வாள்வீரர்களைத் திரட்டி எதிரியின் கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவன் துப்பாக்கி வரை போய்விடுவான். 'எபிக்' வேகத்தில் வழக்கமான 500 டர்ன் 750 ஆகும். வாள் காலத்துப் போர் வாள் காலத்திலேயே முடியும். 'மாரத்தான்' 1,500 டர்ன். முதல் ஆட்டத்துக்கே அது வேண்டாம்.

கடின அளவு 'பிரின்ஸ்' போதும். அதில் உங்களுக்கும் கணினிக்கும் ஒரே விதிகள். மேலே போகப் போக கணினி புத்திசாலியாவதில்லை, இலவசச் சலுகைகள்தான் கூடும். உச்சமான 'டெய்ட்டி'யில் எதிரிகள் மூன்று செட்டிலரோடு (புது ஊர் அமைக்கும் குழு) தொடங்குவார்கள். சவால் தேடுகிறவர்களுக்கு அது சரி. காரணத்தைத் தேடும் நமக்கு, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத ஊர்கள் உதவாது.

அப்புறம், கூடுதல் ஆட்ட முறைகள் என்று ஒரு பட்டியல் வரும். ஜாம்பி, ரகசியச் சங்கங்கள், புராண வீரர்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் இரண்டாவது ஆட்டத்தில் போட்டுப் பாருங்கள்: தொழில்நுட்ப மரத்தை, அதாவது எதற்குப் பின் எதைக் கண்டுபிடிக்கலாம் என்ற வரிசையை, கலைத்துப் போடும் முறை. மேலோட்டமாகப் பார்த்தால் வரலாற்றுக்கு நேர் எதிரானது. ஆனால் அதில் அடுத்து என்ன கண்டுபிடிக்கப்படும் என்று முன்கூட்டியே தெரியாது. சக்கரம் செய்தவனுக்கும் அது தெரிந்திருக்காதே.

ஐந்தாம் படி: நிலம் சொல்வதைக் கேளுங்கள்

இப்போது ஆட்டம் தொடங்கிவிட்டது. சிவிலைசேஷன் 6-இல் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு 'யுரேகா'. ஒரு வேலையைக் கையால் செய்தால் அதோடு சம்பந்தப்பட்ட தொழில்நுட்பத்தில் 40 சதவீத ஆராய்ச்சி தானாகக் கிடைக்கும். கடற்கரையில் ஊர் அமைத்தால் கப்பலோட்டுவதற்கு. கல்குவாரி வெட்டினால் கட்டடக் கலைக்கு. கவண் வீரன் ஒரு எதிரியை வீழ்த்தினால் வில்வித்தைக்கு. வேறொரு நாகரிகத்தைச் சந்தித்தால் எழுத்துக்கு.

புதியவர்கள் இதை ஒரு போனஸ் பட்டியலாக நினைத்து ஒவ்வொன்றாகத் துரத்துவார்கள். கடலே இல்லாத நாடு, யுரேகாவுக்காகவே எங்கோ ஒரு மூலையில் கரையைத் தேடிப் போய் ஊர் வைக்கும். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எந்த யுரேகா இயல்பாகக் கிடைக்கிறதோ அந்த வழியில் ஆராய்ச்சியைக் கொண்டுபோங்கள். மலைநாடு கல்லும் சுரங்கமுமாக வளரட்டும், கரைநாடு கப்பலோடு வளரட்டும். முப்பது டர்னுக்குள் உங்கள் நாட்டுக்கு என்று ஒரு குணம் வந்துவிடும். அந்தக் குணத்தை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்க மாட்டீர்கள், நிலம்தான் கொடுத்திருக்கும்.

அதிசயங்களுக்கும் இப்படித்தான். பிரமிடு கட்டப் பாலைவனக் கட்டம் வேண்டும். அது இல்லாத எகிப்து பிரமிடு இல்லாத எகிப்தாகவே வளரட்டும்.

ஆறாம் படி: வீட்டு விதிகள்

கேமில் இல்லாத விதிகளை நாமே போட்டுக்கொள்வதுதான் வீட்டு விதி. நான்கைந்துக்கு மேல் வேண்டாம். நான் வைத்திருப்பவை:

சேவ் செய்வது கேமை மூடும்போது மட்டும். போர் தோற்றாலும் அதிசயத்தை வேறொருவன் முந்திக் கட்டினாலும் பழைய சேவுக்குத் திரும்பக் கூடாது.

போர் அறிவிக்கும் முன் அதன் காரணத்தை நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் போர் இல்லை.

பறிப்பதற்கு முன் ஒரு தடவையாவது விலைக்குக் கேட்க வேண்டும்.

எந்த வகை வெற்றிக்குப் போகிறோம் என்பதை இடைக்காலம் வரும் வரை முடிவு செய்யக் கூடாது. முதல் டர்னிலிருந்தே விண்வெளியைக் குறிவைக்கிற மன்னன் எந்த நாட்டிலும் இருந்ததில்லை.

இவை எவ்வளவு வேலை செய்கின்றன என்பதற்கு அந்தப் பையன் ஆட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெண்கல ஆராய்ச்சி முடிந்ததும் மேப்பில் இரும்பு தெரியத் தொடங்கும். அவன் எல்லைக்குள் ஒன்றுகூட இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், ஜப்பான் நிலத்தில், இரண்டு. ஒரு வாள்வீரனைப் பயிற்றுவிக்க 20 இரும்பு வேண்டும். "சண்டை போடட்டுமா மாமா?" என்றான். விதியைக் காட்டினேன். முகம் சுருங்கியது. பேரம் பேசும் திரையைத் திறந்து ஜப்பானிடம் 20 இரும்பு கேட்டான். தந்தமும் டர்னுக்குக் கொஞ்சம் தங்கமும் கேட்டார்கள். கொடுத்தான், ஒரு வாள்வீரன் கிடைத்தான். பத்துப் பதினைந்து டர்ன் கழித்து மறுபடி கேட்டபோது என்ன கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் நோட்டை எடுத்தான். "ஜப்பான் இரும்பு தரல. நம்ம தந்தத்த மட்டும் வாங்கிக்கிட்டாங்க." கண்டனம் தெரிவித்து, ஐந்து டர்ன் காத்திருந்து, முறையான போர் அறிவித்தான். ஒரு ஊர் கிடைத்தது, அதற்குள் இரும்புச் சுரங்கமும் இருந்தது. ஆனால் சுற்றிலும் ஜப்பானிய ஊர்கள். பிடித்த ஊரின் விசுவாசம் டர்னுக்கு டர்ன் இறங்கியது. ஆளுநரை அனுப்பினான், காவல்படை வைத்தான். எட்டாவது டர்னில் ஊர் கலகம் செய்து பிரிந்துவிட்டது. பழைய சேவுக்குப் போக அவன் கை துடித்ததைப் பார்த்தேன். போகவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது அவனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் இறந்த துட்டன்காமனின் கல்லறையில் ஒரு இரும்புக் கத்தி கிடைத்தது. அந்த இரும்பு விண்கல்லிலிருந்து வந்தது என்று 2016-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. தங்கத்தில் புரண்ட எகிப்திய மன்னனுக்கு, வானத்திலிருந்து விழுந்த இரும்பு புதையலில் சேர்க்கிற பொருள். அதற்கடுத்த நூற்றாண்டில், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் மன்னன் மூன்றாம் ஹத்துசிலி இன்னொரு மன்னனுக்கு எழுதிய களிமண் கடிதம் ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்கிறது. நல்ல இரும்பு இப்போது கிடங்கில் இல்லை, செய்துகொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் அனுப்புகிறேன், அதுவரைக்கும் இந்த ஒரு கத்தி அலகை வைத்துக்கொள் என்கிறான். பையன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்போ அவனும் என்ன மாதிரியே கேட்டுப் பார்த்திருக்கான்" என்றான். எகிப்துக்குப் பக்கத்தில் ஜப்பான் என்ற தப்பை அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை.

ஏழாம் படி: இடையில் நிறுத்திப் பாருங்கள்

ஐம்பது டர்னுக்கு ஒரு தடவை நிறுத்தி, உங்கள் நாட்டில் நடந்த பெரிய விஷயம் ஒன்றை எடுத்து "ஏன்?" என்று மூன்று தடவை கேளுங்கள். இந்த ஊர் ஏன் பெரியது? ஆற்றங்கரை. ஏன் இங்கே இரண்டு வணிகப் பாதைகள்? மலைக் கணவாய் இது ஒன்றுதான். பதில் நிலத்திலோ மக்களிலோ அண்டை நாட்டிலோ போய் முடிந்தால் ஆட்டம் நன்றாகப் போகிறது. "யூடியூபில் இதுதான் சிறந்த வழி என்றார்கள்" என்று முடிந்தால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

மாறாக, ஆட்டம் கடமையாகிவிட்டால், ஒரு வீட்டு விதியை எடுத்துவிடுங்கள். எந்த விதி உங்கள் முதல் கேள்விக்கு உதவவில்லையோ அதை. வரலாற்றுக்காக உட்கார்ந்து தூங்கி வழிய வேண்டாம்.

எட்டாம் படி: வரலாறு கூடுதலாக உள்ள கேம்கள்

ஓர் ஆட்டம் முழுதாக முடித்த பிறகு இந்தப் பக்கம் வாருங்கள். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4, 2013-இல் வந்தது. 1444 நவம்பர் 11 அன்று, ஒட்டோமான் துருக்கியர் வென்ற வர்ணா போர் முடிந்த மறுநாள், தொடங்குகிறது. 1821 வரை போகும். டர்ன் கிடையாது, நாட்கள் ஓடும், வேண்டும்போது நிறுத்திக்கொள்ளலாம். எல்லா நாடும் அன்றைக்கு இருந்த இடத்தில் இருக்கும். விஜயநகரத்தை எடுத்தால் அரியணையில் இரண்டாம் தேவராயர், வடக்கே பாமினி. விஜயநகரத்தை வீழ்த்திய தலைக்கோட்டைப் போர் நடந்தது 1565-இல். உங்களுக்கு 121 வருடம் இருக்கிறது. தொடக்கம் முழுக்க வரலாறு, முடிவு முழுக்க உங்கள் கையில். "தலைக்கோட்டையைத் தவிர்க்க முடியுமா?" என்பது ஒரு ஆட்டத்துக்கு அருமையான கேள்வி.

அதில் 'லக்கி நேஷன்ஸ்' என்று ஒரு செட்டிங் உண்டு. வரலாற்றில் பெரிதான ஒட்டோமான், பிரான்ஸ் போன்ற நாடுகளைக் கணினி ஆடும்போது அவற்றுக்குச் சிறு சலுகை தந்து, உலகம் நாம் அறிந்த வடிவத்தை நோக்கி நகரும்படி செய்யும். அதை அணைத்தால் வரலாற்றின் பிடி தளரும். புதியவர்கள் முதல் தடவை வைத்துக்கொண்டும் இரண்டாம் தடவை இல்லாமலும் விளையாடிப் பாருங்கள். இந்தக் கட்டுரை பேசுகிற இழுபறி முழுவதும் அந்த ஒரு பொத்தானில் இருக்கிறது. 2025 நவம்பரில் வந்த ஐந்தாம் பாகம் 1337-இல் தொடங்குகிறது. ஆனால் புதியவர்களுக்கு அது கனமானது, அவசரப்பட வேண்டாம்.

பழைய கேமில் விருப்பம் இருந்தால் சிவிலைசேஷன் 4-ஐத் தேடுங்கள். 2007-இல் வந்த அதன் பியாண்ட் த ஸ்வோர்ட் விரிவாக்கத்தோடு ஒரு ரசிகர் செய்த மோடும் (கேமின் விதிகளை மாற்றும் ஆக்கம்) சேர்ந்தே வந்தது: ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் சிவிலைசேஷன் (Rhye's and Fall; முன்பு சொன்ன விரிவாக்கம் வேறு). உலக மேப்பில் ஒவ்வொரு நாகரிகமும் தன் வரலாற்றுக் காலத்தில்தான் பிறக்கும். ஒவ்வொன்றுக்கும் அதன் வரலாற்றை ஒட்டி மூன்று இலக்குகள். அளவுக்கு மீறி விரிந்தால் நிலைத்தன்மை குலைந்து பேரரசு உடையும். ஒரு கேம் வரலாற்றைக் காரணங்களாகப் பிரித்து விதிகளாக்கியதில் இதைவிடச் சிறந்ததை நான் விளையாடியதில்லை.

2025-இல் சிவிலைசேஷன் 7 வெளிவந்தபோது, அதில் காலம் மாறும்போது நாகரிகத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. அதில் மௌரியர், பிறகு சோழர், பிறகு முகலாயர் என்று ஒரு வழி இருக்கிறது. சோழர்கள் ஆட்டத்தில் வருவது எனக்குச் சந்தோஷம். இந்தத் தொடர்ச்சியை மட்டும் வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அசோகரின் பாறைக் கல்வெட்டுகளிலேயே சோழரும் பாண்டியரும் அவர் ஆட்சிக்கு வெளியே, எல்லைக்கு அப்பால் இருக்கிறவர்களாகத்தான் சொல்லப்படுகிறார்கள். முதலாம் ராஜேந்திரன் 1025-இல் ஸ்ரீவிஜயத்துக்குக் கப்பற்படை அனுப்பியதற்குப் பின்னால் இருந்தது கடல் வாணிபம், மௌரிய மரபு இல்லை. காரணத்தோடு விளையாட விரும்பினால், சோழர் கட்டத்துக்கு வந்ததும் கரையோர ஊர்களையும் வணிகத்தையும் முதலில் கவனியுங்கள்.

ஒன்பதாம் படி: செலவில்லாத வழி, சிறு திருத்தம்

இவ்வளவுக்கும் பணமோ நல்ல கணினியோ இல்லை என்றால் கவலை வேண்டாம். அன்சிவ் என்று இலவச கேம் ஒன்று உண்டு; சிவிலைசேஷன் 5-இன் விதிகளைத் தழுவிய திறமூல ஆக்கம். ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடும். படங்கள் எளிமையாக இருக்கும், விதிகளில் குறை இருக்காது. கணினியில் ஃப்ரீசிவ் இருக்கிறது. 1990களின் நடுவில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் தொடங்கியது, இன்றும் வளர்கிறது. பழைய லேப்டாப் போதும்.

இந்த இரண்டிலும் இன்னொரு வசதி, விதிகள் சாதாரண உரைக் கோப்புகளாக இருக்கின்றன. வீட்டு விதியைக் கோப்பிலேயே எழுதிவிடலாம். ஃப்ரீசிவில் விதிகள் உள்ள கோப்புறையை முதலில் வேறு பெயரில் நகல் எடுங்கள். மூலத்தைத் தொட வேண்டாம். நகலில் படைகளுக்கான கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு படைக்கும் கட்டும் செலவு தனி வரியில் எண்ணாக இருக்கும். குதிரைப்படையின் எண்ணை மட்டும் இரட்டிப்பாக்கி, சேமித்து, ஒரு ஆட்டம் விளையாடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு எண்ணுக்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றினால் எது எதனால் ஆனது என்று தெரியாமல் போகும். ஐம்பது டர்னுக்குள் யார் குதிரை வைத்திருக்கிறார்கள், யார் மதிலை நம்புகிறார்கள் என்பது மாறியிருக்கும்.

பையன் ஊருக்குப் போன பிறகு போனில் அன்சிவ் போட்டுக்கொண்டான். அதில் மேப் எடிட்டரும் உண்டு. போன வாரம் வாட்ஸ்ஆப்பில் நோட்டின் புதுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். மேலே ஒரே வரி: "குதிரையே இல்லாத உலகத்துல மங்கோலியா என்ன பண்ணும்?" அதற்குக் கீழே அடுத்த செய்தி: "மாமா, மேப்ல இருக்கிற குதிரைய ஒண்ணொண்ணா அழிச்சிக்கிட்டிருக்கேன், இன்னும் பதினொண்ணு இருக்கு."